ஏரிக்குக் கீழே ஒரு தெரு

சென்னையின் தென்புறநகரில், பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை, ரயில் பாதைக்கு இரு பக்கமும் இருக்கும் ஊர்கள் ஏரிகளை நம்பிப் பிறந்தவை. கிழக்கே சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம். மேற்கே திருநீர்மலை, முடிச்சூர். ஊருக்கு ஒன்றிரண்டு ஏரிகள், ஏரிக்குக் கீழே நெல் வயல், வயலைத் தாண்டினால் அடுத்த ஏரி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களை ஏரி மாவட்டம் என்று சொல்லும் வழக்கம் இதனால் வந்ததுதான். 1931-ல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தில் வேலை, இங்கே வீடு என்ற வாழ்க்கைக்கு வழி பிறந்தது. வயல்கள் மனைகளாயின, வரப்புகள் தெருக்களாயின. 2011 கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சியில் மட்டும் 2,15,417 பேர், தாம்பரத்தில் 1,74,787 பேர். இந்த இரண்டோடு பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இப்போது 70 வார்டுகள்.

வயல் போய்விட்டாலும் வயலின் சரிவு போகவில்லை. ஆகவே இந்தப் பகுதியில் ஐப்பசி பிறந்ததும் முதல் உள்ளூர்ச் செய்தி தண்ணீர்தான். எந்த ஏரி நிரம்பியது, எந்தச் சுரங்கப்பாதை அடைபட்டது, எந்தத் தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் அதன் கிளைகள். புதிதாகக் குடிவருபவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக்கூடிய முதல் உதவியான வார்த்தையும் அதைப் பற்றியதே: இந்தத் தெரு ஏரிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள ஏரியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏரி என்பது வெட்டிய பள்ளம் அல்ல. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தியதே ஏரி. கரையில் மதகு இருக்கும், அது பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு. கரையின் ஓரத்தில், கரையை விடத் தாழ்வாக, கல்லால் கட்டிய கலங்கல் இருக்கும், அது மிகுதி நீர் வழிந்து போவதற்கு. கலங்கலைத் தாண்டிய நீர் ஒரு போக்குக் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். ஏரிக்குள் தண்ணீர் வரும் மேட்டுப் பக்கத்தில் வீடு இருந்தால், ஏரி நிரம்பும்போது நீர் பின்னால் ஏறி வரும். கரைக்குக் கீழே பழைய ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசன வயலில், வீடு இருந்தால், மழையின்போது ஓரளவு தப்பினாலும் கலங்கல் வழியத் தொடங்கிய பிறகு, மழை நின்ற மறுநாள்கூட, தெருவில் தண்ணீர் வரலாம். வெயில் அடிக்கிறது, ஆனால் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைகிறது. 2022-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலம்தான் கிழக்குப் பக்க ஊர்கள் எல்லாவற்றுக்கும் கடைசித் தொட்டி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் பிறகு கடலுக்கும் நீர் போக வேண்டும். கீழே அடைப்பு இருந்தால் மேலே தேங்கும். சிட்லபாக்கத்தில் ஒருவர் தன் வீட்டு வாசல் வடிகாலைப் பளிச்சென்று வைத்திருந்தாலும், நாராயணபுரத்தில் கால்வாய் குறுகினால் அதன் விளைவு அவர் வாசலுக்கும் வந்து சேரும்.

மேற்குப் பக்கத்தின் கதை வேறு. அங்கே பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்டு. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் பேச்சு எழும். உண்மையில் அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலைப் பக்கம் வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் வந்து சேர்வது திருநீர்மலை அருகே, அதாவது முடிச்சூருக்குக் கீழே. எனவே முடிச்சூர்க்காரர் கவனிக்க வேண்டியது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளை. செம்பரம்பாக்கம் செய்தி அனகாபுத்தூர், கவுல் பஜார், மணப்பாக்கம் மக்களுக்கு உயிர்ச் செய்தி. எந்த ஏரியின் செய்தி தன் தெருவுக்கு உரியது என்று தெரியாதவர், தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

நிர்வாக எல்லையும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஊராட்சி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். அடுத்த தெரு தாம்பரம் மாநகராட்சி. ஏரியும் ஆறும் நீர்வளத் துறையின் கையில், தெரு வடிகால் உள்ளாட்சியின் கையில், பெரிய சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறையின் கையில். உதவி கேட்டுப் போன் செய்பவரை இது எங்கள் எல்லையில் வராது என்று ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பி வைப்பது அடிக்கடி நடக்கும் வேதனை. தன் வீடு எந்த வார்டு, எந்த மண்டலம், அருகில் ஓடும் கால்வாய் யாருடைய பொறுப்பு என்பதை வெயில் காலத்திலேயே தெரிந்து எழுதி வைத்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

இனி மழையின் அளவு. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். வெறும் எண்ணாகக் கேட்டால் அது மனத்தில் பதியாது. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,230 லிட்டர் தண்ணீர். 49 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,09,000 லிட்டர். கோடையில் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரித் தண்ணீரில் ஒன்பது லாரி, ஒரே நாளில், ஒரே மனையில். தெருவில் 40 மனைகள் இருந்தால் 360 லாரி. இரண்டடி அகல வடிகால் அதைத் தாங்காது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது.

வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில் தமிழகத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது 44 சென்டிமீட்டர். தாம்பரம் அதைவிட அதிகத்தை ஒரே நாளில் வாங்கியது. இப்படிப்பட்ட நாள் எப்போதோ ஒருமுறை வருவது. ஆனால் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் போன்ற நாட்கள் நினைவில் இருக்கும்போது, எப்போதோ என்ற சொல்லை நம்பி யாரும் ஏமாறக் கூடாது.

வானிலைச் செய்தியின் சொற்களுக்குத் துல்லியமான பொருள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் தேவையற்ற பயமும் குறையும், தேவையற்ற அலட்சியமும் குறையும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 சென்டிமீட்டர் வரை. மிக கனமழை என்றால் 20.44 வரை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. ஓரிரு இடங்களில் என்று சொன்னால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில் மழை பதிவாகலாம் என்று பொருள். தாம்பரத்தில் தூறல்கூட இல்லாமல் மேடவாக்கத்தில் கொட்டித் தீர்த்தால் அறிக்கை பொய்யாகிவிடாது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. பள்ளி விடுமுறைக்கும் இந்த நிறங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, அதை ஆட்சியர் தனியே முடிவு செய்கிறார். அணை, ஏரிச் செய்திகளில் வரும் கன அடி என்பது வினாடிக் கணக்கு. ஒரு கன அடி 28.3 லிட்டர். 1,000 கன அடி திறப்பு என்றால் ஒவ்வொரு வினாடியும் 28,300 லிட்டர் வெளியேறுகிறது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. முழு அடி எட்டும் வரை காத்திராமல் முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறப்பது வழக்கமான முன்னெச்சரிக்கை, அதுவே ஆபத்தின் அறிகுறி அல்ல.

தெருவுக்குள் செய்தி ஓடும் விதம் இப்போது முழுக்க வாட்ஸ்அப் குழுக்களின் வழிதான். குடியிருப்போர் நலச்சங்கத்தின் கரும்பலகையும், பால் வாங்கும் இடத்துப் பேச்சும் இன்னும் இருந்தாலும், நள்ளிரவில் வேலை செய்வது போன்தான். அதன் வேகம் பெரிய வரம். அதே வேகத்தில் பொய்யும் ஓடுகிறது. 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டதாகப் பரவிய வதந்தியில் எத்தனையோ குடும்பங்கள் நடுங்கிப் போயின. ஏரி உடையவில்லை.

இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒன்று: “மெயின் ரோடு முழுக்க தண்ணி, யாரும் வெளியே வராதீங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க.” இன்னொன்று: “இப்ப மணி 4.10, செவ்வாய்க்கிழமை. ரேஷன் கடை முனையில முழங்கால் வரைக்கும் தண்ணி. பைக் போகாது, லாரி போகுது. நான் அங்கதான் நிக்கிறேன்.” முதல் செய்தி எந்த ஊருக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். அடுத்த மழையிலும் அது மறுபடி வந்து பயமுறுத்தும். இரண்டாவதில் நேரம், நாள், இடம், ஆழம், நேரில் கண்டவர் என ஐந்தும் இருக்கின்றன. ஒரு நலச்சங்கம் தன் குழுவில் மழைக்காலத்துக்கு ஒரே ஒரு விதி வைக்கலாம் என்றால், நேரமும் இடமும் இல்லாத செய்தியை யாரும் போடக் கூடாது என்பதை வைக்கலாம்.

அடுத்து வீடு. வெள்ளத்தில் பலர் முதலில் நினைப்பது சோபாவையும் ஃபிரிட்ஜையும். அனுபவப்பட்டவர்கள் முதலில் பார்ப்பது சம்ப்பை. தரைக்குக் கீழே இருக்கும் இந்தத் தொட்டிதான் புறநகர் வீட்டின் உயிர்நாடி. பாலாற்றுத் தண்ணீரோ, போர் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, பெரும்பாலும் அதில் விழுந்துதான் மேலே ஏறுகிறது. தெருவில் தேங்கிய நீர் கேட்டைத் தாண்டியதும் முதலில் நுழைவதும் அங்கேதான். அந்த நீரில் செப்டிக் டேங்க் கசிவு கலந்திருக்கும். தண்ணீர் வடிந்து இரண்டு நாள் கழித்து வரும் வயிற்றுப்போக்கின் மூலத்தைத் தேடினால் பல நேரம் சம்ப்பில் போய் நிற்கும்.

மழைக்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சம்ப் மூடியைச் சாத்திவிட்டு அதன் ஓரத்தைச் சுற்றி ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்து உட்சுவரைப் பார்த்தால், எந்த இடத்தில் கோடு போட்டாற்போல் ஈரம் இறங்கியிருக்கிறதோ அங்கே இடைவெளி. பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி மூடியின் விளிம்பில் பதித்தால் அந்த இடைவெளி பெரிதும் அடைபடும். அதன் மேல் கனமான பாலிதீன் விரித்து, ஓரங்களில் மணல் மூட்டை வைக்கலாம். மூடியைவிட ஏமாற்றுவது பக்கவாட்டு ஓட்டைகள்: லாரிக் குழாய் செருகும் துளை, மிகுதி நீர் வெளியேறும் குழாய், மோட்டார் ஒயர் போகும் துளை. இவற்றைச் சிமெண்ட்டாலோ துணி அடைத்து மேலே பசை பூசியோ மூட வேண்டும். நிரந்தரத் தீர்வு சம்ப்பின் வாயைச் சுற்றி இரண்டு வரிசை செங்கல் கட்டி உயர்த்துவது. ஒரு கொத்தனாருக்கு அது ஒரு நாள் வேலை.

சம்ப்பையும் மேல்தொட்டியையும் மழை எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடுவது நல்லது. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது என்பது ஒரு காரணம். காலியான தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும், பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் தூக்கியே விடும் என்பது இன்னொன்று. போர் குழாயின் வாய் தரைமட்டத்தில் இருந்தால் அதற்கும் மூடி போட்டு உயர்த்த வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மொட்டை மாடி நீர் தொட்டிக்குள் இறங்குவது வரம்தான். ஆனால் தெருவெள்ளம் நேரே கிணற்றுக்குள்ளோ போருக்குள்ளோ இறங்கினால் அந்த அழுக்கு நிலத்தடியில் போய்ச் சேர்ந்துவிடும். அதை வெளியே எடுப்பது எளிதல்ல.

மின்சாரத்தில் தவறுக்கு இடமே இல்லை. தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும், தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக் கூடாது. பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. தெருவில் கரண்ட் இல்லை என்று நினைத்து ஈரத்தரையில் நடப்பவருக்கு, தரைத்தளத்து இன்வெர்ட்டர் பிளக் பாயின்ட்டுகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பது தெரியாது. அதையும் அணைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒரு வீட்டில் இல்லையென்றால், புதிய டி.வி. வாங்கும் முன் அதை வாங்கிப் பொருத்தலாம். தெருவில் அறுந்து கிடக்கும் ஒயரைப் பற்றிப் புகார் செய்ய மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 எந்நேரமும் இயங்குகிறது. கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணையும், வீட்டு மின் இணைப்பு எண்ணையும் சொன்னால் ஊழியர் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கொட்டும் மழையில் கம்பம் ஏறுபவருக்குச் செய்யக்கூடிய சிறு உபகாரம் அது.

தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியையோ வடிகால் சிலாப்பையோ சிலர் தூக்கி வைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கலங்கிய நீரில் அந்தத் துவாரம் யாருக்கும் தெரியாது. சைக்கிளில் வரும் ஒரு பிள்ளைக்கு அது மரணக் குழி. திறந்தே ஆக வேண்டுமானால் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும், குறைந்தது ஒரு மரக்கிளையாவது நட்டு அதில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். காரைப் பொறுத்தவரை, வேளச்சேரி மக்கள் மழைக்கு முன்பே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது ஊரறிந்தது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, எஞ்சினுக்குள் போன நீர் அதை உடைத்துவிடும்.

ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். புறநகரில் அவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. யார் வீட்டில் ஆக்சிஜன் கருவி ஓடுகிறது, யாருக்கு டயாலிசிஸ் நாள் எது, யாரால் படி ஏற முடியாது, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டியவர் யார் என்ற பட்டியல் நலச்சங்கச் செயலாளரின் கையில் தாளில் எழுதியதாக இருக்க வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் தாள் மட்டும்தான் பேசும். அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும் குழுவில் போடுவது தவறு. தனியாக இருப்பவரின் முகவரி திருடனுக்கும் பயன்படும். மாடிவீட்டுக்காரர் ஒருவரைக் கீழ்வீட்டு முதியவருக்கென்று பொறுப்பாக்கி, “அம்மா, தண்ணி ஏற ஆரம்பிச்சா நான் வந்து கூட்டிட்டுப் போறேன், நீங்க கதவைத் தாழ் போடாம வச்சிருங்க” என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், நள்ளிரவில் கதவைத் தட்டும்போது அந்த அம்மா பதற மாட்டார். ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

தண்ணீர் வடிந்த பிறகுதான் நோய் வருகிறது. வெள்ளநீர் புகுந்த சம்ப்பில் மேலாக மருந்து தெளிப்பதால் பயனில்லை. முழுதும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் அலசி, அதையும் இறைத்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதன் பிறகு தண்ணீரைக் கிருமி நீக்க 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அதைப் பக்கெட்டில் கரைத்துத் தெளிய விட்டு, மேலாக நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். குடிப்பதைக் காய்ச்சிக் குடிப்பதே நல்லது. உள்ளே விஷவாயு தேங்கியிருக்கலாம் என்பதால் ஆழமான சம்ப்பில் தனியாக இறங்கக் கூடாது.

செப்டிக் டேங்க்குக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பலமடங்கு பொருந்தும். அதற்குள் மனிதரை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காசு கொடுத்தால் இறங்க ஆள் வருவார் என்பதற்காக இறக்கிவிட்டால், மேலே நிற்பவர் கண் முன்னாலேயே அவர் மயங்கி விழுந்து இறந்துபோகலாம். இப்படி இறந்தவர்களின் செய்தி இல்லாமல் தமிழ்நாட்டில் ஓர் ஆண்டும் போவதில்லை. உறிஞ்சும் லாரி வர ஒரு நாள் தாமதமானால் ஒரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நல்ல தண்ணீரைத் தேடிப் போகிறது. பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது, வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த டயர், வாட்ச்மேன் அறைமேல் விரித்த பாலிதீனின் மடிப்பு ஆகியவைதான் அதன் பிரசவ அறைகள். ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை, கொசு மதில் தாண்டும். வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நன்மங்கலம், வண்டலூர்க் காடுகளை ஒட்டிய தெருக்களில் பாம்பும் மேட்டைத் தேடி வரும். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். மழைக்காலத்தில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலி, கண் இமை கனம் என்றால் அதை அஜீரணம் என்று விட்டுவிடக் கூடாது. கட்டுப் போடுவதும் கீறுவதும் தீங்கு. கடிபட்டவரை அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

இவையெல்லாம் மழைக்கால வேலைகள். ஆனால் ஒரு தெருவின் கதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோடையில் நடப்பவை. பழைய தார்மேல் புதிய தார் என்று ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயர்ந்துகொண்டே போகிறது. முப்பது வருடத்துக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருப்பதைச் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பார்க்கலாம். வசதி இருப்பவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார், இல்லாதவர் வாசலில் சிமெண்ட் தடுப்பு கட்டுகிறார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது. சாலை போட ஆட்கள் வரும் அன்று சுரண்டும் இயந்திரம் கூட வந்திருக்கிறதா என்று தெருவாசிகள் கேட்பது சண்டையல்ல, உரிமை. தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது. கிராமசபை போல நகரங்களிலும் பகுதி சபைகளுக்கு 2022-ல் வழி செய்யப்பட்டது. உள்ளாட்சி நாளான அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். கூட்டம் கூடும்போது பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றால் அந்தப் பத்துப் பேரின் தெருவுக்குத்தான் வேலை நடக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த வீட்டிலிருந்து அந்த வீடு வரை இத்தனை அடி நீளத்தில் வடிகால் மண்மூடிக் கிடக்கிறது என்று படத்தோடு எழுதிக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்வது பலன் தரும்.

மக்கள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சிட்லபாக்கமே சாட்சி. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து ஏரி செத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்தவர்கள் மனு மேல் மனு கொடுத்ததோடு நிற்கவில்லை. 2019-ல் சென்னையே ஒரு குடம் தண்ணீருக்குத் தவித்த கோடையில், ஐ.டி. ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கித் தூர்வாரினார்கள். அதன் பிறகு அரசும் நிதி ஒதுக்கிப் புனரமைப்புப் பணியைத் தொடங்கியது. முதல் மண்வெட்டி தெருக்காரர்களுடையது.

கடைசியாக, மழை முடிந்து வீடு காய்ந்ததும் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலை இருக்கிறது. மதிலில் சேறு படிந்த கோடு ஒரு வாரத்தில் அழிந்துவிடும். அதற்குள் அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, தேதியைப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். உயரத்தைத் தெருவிலிருந்து அளக்கக் கூடாது, தெரு உயர்ந்துகொண்டே போகும். வீட்டின் பழைய அஸ்திவார விளிம்பிலிருந்தோ கிணற்றுக் கட்டின் மேல்மட்டத்திலிருந்தோ அளந்தால் இருபது வருடம் கழித்தும் கணக்கு மாறாது. வடிகால் கட்ட வரும் பொறியாளருக்கு அந்தக் கோடு எந்த வரைபடத்தையும்விட அதிகம் சொல்லும். எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர் ஃபிரிட்ஜை எத்தனை அடி மேடையில் ஏற்றி வைப்பது என்று கேட்டால், கையை நீட்டி அதைக் காட்டலாம்.